லைற் பிடிக்கப் போன கதை

முதலில் அதைக் கண்டுபிடித்தது என் முன்பள்ளியில் படித்த ஒரு பெண்பிள்ளை. இலைக்கஞ்சி குடித்து முடிந்த பிள்ளைகளுக்கு வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் லேஞ்சியை எடுத்து என் வாயோரத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

"ரீச்சர், பால்" என்றாள்.

துடைக்கத் துடைக்க அது போகவில்லை. அவளுக்குக் கோபம் வந்து இன்னும் அழுத்தித் துடைத்தாள். நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் அன்று பால் குடிக்கவே இல்லை.

வாயோரத்தில் தொடங்கியது கண்ணைச் சுற்றி வந்தது. பிறகு முழங்கையில், விரல் நுனிகளில். நான் நல்ல கறுப்பு. கறுப்பு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு நாளும் வெட்கம் இருந்ததில்லை. அந்தக் கறுப்பு ஒரு நாள் என்னை விட்டுப் போகும் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஊரில் இதற்கு வெண்குட்டம் என்று பெயர். அந்தச் சொல்லின் பின்பாதிதான் என்னைக் கொன்றது. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிற கை இது. இந்தக் கையைப் பார்த்துவிட்டு எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவாள்?

அந்த முன்பள்ளி எனக்கு வெறும் வேலை இல்லை. மீள்குடியேறி வந்த புதிதில், இப்போதைய கொட்டிலுக்குக் கூரை போடும் முன்பே, ஒரு தறப்பாளின் கீழே நான் தொடங்கியது. பரந்தனிலிருந்து உள்ளே போகிற எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு அதை விட்டால் வேறு இடம் கிடையாது. பிள்ளைகள் குறைந்தால் பெரிய றோட்டில் இருக்கிற முன்பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்தில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கூட இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். ஆகவே, என் தோலை விட எனக்கு அந்தக் கொட்டில்தான் பெரிய கவலையாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் தோல் கிளினிக்கில் இருந்த டொக்டர் ஒரு பெண். என் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு பேசினா. அதுவே எனக்குப் பாதி மருந்து.

"இது குட்டமில்லை. ஆருக்கும் ஒட்டாது" என்றா. "உங்கட உடம்பு தன்ர நிறத்தைத் தானே அழிக்குது. பூச்சு மருந்தும் தாறன், லைற்றும் பிடிச்சுப் பாப்பம். கெதியா மாறாது. மாசக்கணக்கில வரவேணும், இடையில விடக்கூடாது."

ஆவி பிடிக்கிறது என்றால் எனக்குத் தெரியும். லைற் பிடிக்கிறது என்றால் என்ன? ஒரு ரோச் லைற்றை முகத்தில் அடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு அலுமாரி நின்றது. உள்ளே தட்டுகள் இல்லை. சுற்றிவர நீளக் குழாய் லைற்றுகள். நேர்ஸ் பிள்ளை ஒரு கறுப்புக் கண்ணாடியை என்னிடம் தந்துவிட்டு, மிகவும் சாதாரணமாக, "உடுப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு நில்லுங்கோ அக்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை பெற்ற நேரம் தவிர இந்த உடம்பைப் பகலில் ஒருவருக்கும் காட்டியதில்லை. ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவள் நான். ஒரு அலுமாரிக்குப் பயப்படுவேன் என்று யார் நினைத்தது? கதவைச் சாத்தினதும் உள்ளே கைபிடி இருக்கிறதா என்று தடவினேன். "பூட்டேல்லை அக்கா, பயந்தால் தள்ளுங்கோ" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. மின்விசிறி இரைந்தது. மூடிய கண்ணுக்குள்ளும் ஒரு நீலம் தெரிந்தது. கந்தசஷ்டி கவசத்தை மனதுக்குள் தொடங்கினேன். இரண்டாம் வரிக்கு வரும் முன் எல்லாம் நின்றுவிட்டது.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. இண்டைக்கு இவ்வளவுதான். தோல் தாங்குதா எண்டு பாத்துப் பாத்துத்தான் நேரத்தைக் கூட்டுவம்."

விடிய வெளிக்கிட்டு, பஸ்ஸில் பளை தாண்டும் வரை நின்றுகொண்டே போய், கிளினிக் வாங்கில் குந்தி அரைநாள் காத்திருந்து, நான் பிடித்த லைற் அவ்வளவுதான். வீட்டில் சொன்னபோது என் மனுசன் வயலிலிருந்து வந்த காலைக்கூடக் கழுவாமல் நின்று சிரித்தார். "இந்த வன்னி வெயில் பத்தாதெண்டு யாழ்ப்பாணத்தில போய் வெளிச்சம் வாங்கிறியோ?" என்று கேட்டார். நான் படித்ததைச் சொல்லிக் கொடுத்தேன். வெயிலுக்குள் எத்தனையோ கதிர்கள் கலந்திருக்கின்றன. அதில் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரின் ஒரு துண்டை மட்டும் பிரித்து, அளந்து கொடுக்கிறார்கள். தோலுக்கு நிறம் செய்கிற உயிர்க்கலங்கள் மயிர் வேரடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்குமாம். இந்த வெளிச்சம் அவற்றைத் தட்டி எழுப்புமாம். "சரி, எழும்பட்டும்" என்றுவிட்டு அவர் கால் கழுவப் போனார்.

அதன் பிறகு கிழமையில் இரண்டு நாள் இதே ஓட்டம். லைற் பிடித்த நாளில் வெயில் படக் கூடாது என்பதால் நீளக் கைச் சட்டை, குடை, ஒரு கறுப்புக் கண்ணாடி. முகம் வெந்ததுபோல் சிவந்திருக்கும். பஸ்ஸால் இறங்கினதும் ஒருவரோடும் நின்று கதைக்காமல் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன்.

சில மாதங்களில் வாயோரத்து வெள்ளைக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. மிளகுத்தூள் கொட்டினாற்போல. எனக்கு உயிர் போய்விட்டது. வெள்ளை போதாதென்று இது வேறு ஒரு வியாதி என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டு உரஞ்சினேன். அடுத்த கிளினிக்கில் அதைக் கண்ட நேர்ஸ் பிள்ளை துள்ளிக் குதித்தாள்.

"ஐயோ உரஞ்சாதேங்கோ அக்கா! அதுதானே உங்கட நிறம்!"

அன்று பஸ்ஸில் ஆனையிறவு வரும் வரை அழுதேன். சந்தோசத்தில்தான். பக்கத்தில் இருந்த மனுசி என்னவோ நினைத்துக்கொண்டு தள்ளி இருந்தா.

ஆனால் முகத்தில் நிறம் வர வர முன்பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். முதலில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். இன்னொரு பிள்ளை அம்மம்மா வீட்டில் நிற்கிறது என்றார்கள். பிறகு காரணமே சொல்லவில்லை. நான் வாசலில் நின்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்மார் உள்ளே எட்டிப் பார்த்து, என்னோடு படிப்பிக்கிற இளைய ரீச்சர் நிற்கிறாளா என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் விட்டுப் போனார்கள். ஒரு நாள் நான் கத்தியால் பப்பாசிப்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் ஓடி வந்து, "தாங்கோ ரீச்சர், நான் வெட்டுறன்" என்று கத்தியைப் பறிக்காத குறையாக வாங்கினா. என் கை பட்ட பழத்தைப் பிள்ளை தின்னக் கூடாதென்று நினைக்கிறா என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. வீட்டுக்கு வந்து சட்டிபானையோடு சண்டை பிடித்தேன்.

ஒருவர் மட்டும் மாறவில்லை. வயல் முடிகிற இடத்தில் இருந்த ஒரு தாய். அவவுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவ இன்னும் அந்தப் பேச்சுத்தான் பேசுவா. மிகவும் அமைதியான மனுசி. என் வாயில் பால் துடைத்த பிள்ளையின் தாய் அவதான். மழையென்றாலும் பிள்ளை வரும். தாய்மார் முறைவைத்துக் கஞ்சி காய்ச்சுவதில் தன் முறை வரும் நாளில் முல்லை இலைக்கஞ்சி கொண்டுவருவா. ஊற்றிக் கொடுக்க என் கையிலேயே அகப்பையைத் தருவா.

ஒரு நாள் பானையை இறக்கி வைத்துவிட்டு, அருகில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்தா.

"யாழ்ப்பாணம் போறீங்கன்னு சொன்னாங்க டீச்சர். பயப்படாதீங்க. முதல்ல தலை வலிக்கும். அப்புறம் சரியாயிரும்."

"தலையிடி இல்லையம்மா, முகம்தான் கொஞ்சம் எரியும்" என்றேன்.

"வெறும் வயித்தோடதானே போறீங்க?"

"இல்லையே, சாப்பிட்டிட்டுத்தான் போறனான்."

அவ கொஞ்சம் குழம்பினா. பிறகு என் வெள்ளை விழுந்த விரல்களைப் பிடித்து ஒருமுறை அமர்த்திவிட்டு, "எதுவும் மறந்துபோனாக்கூட திரும்பி வந்துரும் டீச்சர்" என்றா. பஸ்ஸில் எதையாவது விட்டுவிட்டு வருவதைச் சொல்கிறாவாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பிடி ஆறுதலாக இருந்தது.

இதற்கிடையில் மேலிடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். வெறும் கதிரைகளைப் பார்த்தார்கள். இப்படியே போனால் அடுத்த தவணைக்கு இந்த நிலையம் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பொறுமை முடிந்தது. பெற்றோர் கூட்டம் வைத்தேன். ஒருவர் தவறாமல் வரவேண்டும் என்று இளைய ரீச்சரை வீடு வீடாக அனுப்பினேன்.

எல்லோரும் வந்தார்கள். வயலோரத்துத் தாயும் வந்தா. அன்று அவவுடைய கஞ்சி முறை. நான் இரவெல்லாம் மனப்பாடம் செய்து வைத்த பேச்சைத் தொடங்கினேன். இது குட்டம் இல்லை, ஒட்டாது, டொக்டர் சொன்னா, என் மனுசனுக்கு ஒட்டவில்லை, என் பிள்ளைக்கு ஒட்டவில்லை. சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். "வந்து தொட்டுப் பாருங்கோ! ஏன் பயப்பிடுறியள்?" என்று கேட்டேன்.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் சந்தியில் கடை வைத்திருக்கிறவவின் மருமகள், வாய் கொஞ்சம் கூடினவ, எழும்பினா.

"ஐயோ ரீச்சர், அந்த வெள்ளைக்கு ஆர் பயந்தது? என்ர மாமாவுக்கும் இருந்ததுதானே. அவரின்ர கையாலதான் நாங்கள் எல்லாரும் சோறு திண்டு வளந்தனாங்கள்."

"அப்ப ஏன் பிள்ளையளை அனுப்பேல்லை?"

அவ மற்றவர்களைப் பார்த்தா. ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

"நீங்கள் கறண்ட் பிடிக்கிறியள் எண்டு சொல்லிச்சினம் ரீச்சர்."

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. ஏறினதும் கை நீட்டினபடியே நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் கறண்ட் பிடிக்கிறது என்றால் ஒன்றுதான். புத்தி பேதலித்து விசர் முற்றினவர்களுக்குத் தலையில் மின்சாரம் வைக்கிறது. என்னை, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கிற என்னை, இவர்கள் இத்தனை மாதமும் விசரி என்று நினைத்திருக்கிறார்கள்!

இளைய ரீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுகிற மாதிரி நின்றாள். "நான் லைற் எண்டுதான் அக்கா சொன்னனான்" என்றாள். சொல்லியிருப்பாள். ஆனால் எங்கள் ஊரில் மின்சாரம் தடைப்பட்டால் ஒரு வீட்டில் லைற் நிண்டிட்டுது என்பார்கள், அடுத்த வீட்டில் கறண்ட் நிண்டிட்டுது என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். லைற் பிடிக்கப் போன நான் இரண்டு வேலி தாண்டும் முன் கறண்ட் பிடிக்கப் போனவளாகிவிட்டேன். சிவந்த முகம், கறுப்புக் கண்ணாடி, ஒருவரோடும் கதைக்காத நடை, பஸ்ஸில் காரணமில்லாமல் அழுதது. எல்லாம் பொருந்தித்தான் இருக்கிறது. கத்தியை வாங்கினது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. என் கை அழுக்கு என்றல்ல. நான் பிள்ளையைக் குத்திப்போடுவேன் என்று!

பாறாங்கல் விழுந்த அதிர்ச்சி ஒரு பக்கம். மறுபக்கம், நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கின நிம்மதி. என் வெள்ளைக்கு ஒருவரும் பயப்படவில்லை. நிலையம் தப்பிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கமுடியாத சிரிப்பு.

"அடியே, அது லைற்! லைற்! கறண்ட் இல்லை!" என்று கத்தினேன். "எனக்கென்ன விசரோ? கறண்ட் பிடிக்கிறவையள் இப்பிடியோ நிப்பினம்? அவையள் இப்பிடியெல்லோ நிப்பினம்!"

சொல்லிவிட்டு நான் நடித்துக் காட்டினேன். பிள்ளைகளுக்குக் குரங்கு, கரடி என்று நாள் முழுக்க நடித்துக் காட்டுகிற உடம்பு இது. அதற்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. கையையும் காலையும் உதறினேன். கண்ணை மேலே செருகினேன். நாக்கை வெளியே தள்ளிக் கடைவாயால் வீணீர் வடிவதுபோல் காட்டினேன். கொட்டில் அதிர்ந்தது. கடைக்காரியின் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாங்கில் சரிந்தா. ஒரு தாய், "போதும் ரீச்சர், சிரிச்சுச் சாகப்போறம்" என்றா. அது கேட்டு நான் இன்னும் ஒருமுறை உதறினேன்.

வயலோரத்துத் தாய் கஞ்சிக் கோப்பைகளைப் பொறுக்கிப் பானைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தா. அவ சிரித்தாவா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் கொட்டில் நிரம்பிவிட்டது. கதிரைகள் போதாமல் பாய் விரித்தோம். வெட்கப்பட்ட தாய்மார் பழமும் பலகாரமும் கொண்டுவந்து என் கையாலேயே பங்கிடச் சொன்னார்கள். ஒரே ஒரு பிள்ளை வரவில்லை. இத்தனை மாதமும் மழைக்கும் நிற்காத பிள்ளை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று பள்ளி விட்டதும் வயல் வரம்பால் நடந்தேன்.

பிள்ளை முற்றத்தில் மண் குழைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் எதுவும் இல்லை. என்னைக் கண்டதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். தாய் குசினியிலிருந்து வந்தா. "வாங்க டீச்சர்" என்று கதிரை எடுத்துப் போட்டா. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏனம்மா பிள்ளையை அனுப்பேல்லை?"

அவ பிள்ளையைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு, கதவு நிலையோடு சாய்ந்து நின்றா.

"சண்டை முடிஞ்சு முகாமில இருந்தப்ப, எனக்கு மூத்த மகன் செத்தது புத்தியில ஏறல டீச்சர். தேடிக்கிட்டே இருப்பேன். சாப்பிட மாட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரியில வச்சு எனக்குக் கறண்ட் பிடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் சாப்பிட்டேன். அதுக்கப்புறம்தான் இவளப் பெத்தேன். இங்க யாருக்கும் தெரியாது."

தலை வலிக்கும் பயப்படாதீங்க. வெறும் வயித்தோடதானே போறீங்க. மறந்துபோனாக்கூட திரும்பி வந்துரும். அவ சொன்ன ஒவ்வொன்றும் திரும்பி வந்து என்னை அறைந்தது. ஊரே என்னிடமிருந்து பிள்ளைகளை மறித்துக்கொண்டபோது இந்த மனுசி தன் பிள்ளையை அனுப்பியது எதையும் கேள்விப்படாததால் அல்ல. எல்லாம் கேள்விப்பட்டுத்தான்.

"உங்களுக்கும்னு கேட்டப்ப பாவமா இருந்திச்சு" என்றா. "ஆனா பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் சந்தோசமாவும் இருந்திச்சு. டீச்சருக்கே பிடிக்கிறாங்கன்னா, நானும் ஒரு நாள் யார்கிட்டயாவது சொல்லலாம்னு."

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல நினைத்தேனோ, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல நினைத்தேனோ, இப்போதும் தெரியாது. மிளகுப் புள்ளியாய் நிறம் திரும்பி வந்த என் முகம் அந்த நேரம் தீயில் வைத்ததுபோல் எரிந்தது.

அவ என்னைக் குற்றம் சொல்கிற குரலில் பேசவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவரைப் போலத்தான் கேட்டா.

"மயக்க மருந்து குடுத்துத்தான் டீச்சர் பிடிப்பாங்க. அதனால அப்ப நான் எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியாது. இத்தனை வருசமா யார்கிட்டயும் கேக்கவும் முடியல. அன்னிக்குக் கூட்டத்திலதான் பாத்தேன். நானும் அப்படித்தான் இருந்திருப்பேனா டீச்சர்?"